நாலு எண்ணுவதற்குள் அணைந்த கம்ப்யூட்டர்

பை மாட்டிக்கொண்டு வருகிற கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன் எவனையும் கரியப்பன் நம்பியதில்லை. மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவன் கையில் கிரீஸாவது ஒட்டியிருக்கும். இவன்கள் கையில் போன்தான் ஒட்டியிருக்கிறது.

ஆயுதபூஜை முடிந்து மறுநாள் காலை. சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரியதம்பியின் பட்டறையில் எல்லா மெஷினும் ஓடின, ஒயர்கட் ஒன்றைத் தவிர. மயிரிழைக் கம்பியை ஓட்டி, பொறி பறக்க இரும்பை அறுக்கிற மெஷின் அது. பக்கத்தில் நிற்கிற பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் அது அசையும். அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லை. சுவர் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், உள்ளே காற்றாடி சுற்றும், நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடும். மறுபடி சுவிட்ச், மறுபடி நாலு.

அதை ஓட்டுகிறவள் கரியப்பனின் மகள் மாதேஸ்வரி. மெஷின் காயலான் கடைக்குப் போனால் அவள் பழையபடி விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்று, ஏதோ ஒரு லைனில் நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்கவேண்டியதுதான். கரியப்பன் அதே பட்டறையில் கம்ப்ரஸர் போடுவது, இரும்புச் சுருள் வாருவது என்று இருப்பவர். படிப்பு மூன்றாம் வகுப்பு. வாய் மட்டும் எம்.ஏ. காலையிலிருந்து கரண்டு ஆபீஸைத் திட்டினார், எலியைத் திட்டினார். கடைசியில் லேத் ஆட்கள், முதலாளி எல்லார் முன்னாலும், இவள்தான் முந்தாநாள் ஒழுங்காக அணைக்காமல் போய்விட்டாள் என்று மகள் தலையிலும் போட்டார். 

ரிப்பேருக்கு வந்தவன் பெயர் அஸ்வின். பெட்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே போனில் ஓஎஸ் போய்விட்டது என்று சொன்னவன். நாடி பிடிக்காமலே வியாதி சொல்கிற டாக்டர் இவன் என்று கரியப்பன் முணுமுணுத்தார். வந்தவன் பெட்டியின் பக்கவாட்டைக் கழற்றினான். ராம் என்று ஒரு சின்னப் பட்டையை உருவி, அதன் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தான். இதற்குத்தானா டிப்ளமா என்று கரியப்பனுக்குத் தோன்றியது. தேய்த்து மாட்டியும் அதே நாலு.

மாதேஸ்வரி அவனிடம் விவரமாகச் சொன்னாள். மெஷினை ஓட்டுகிற புரோகிராம் இந்தப் பழைய விண்டோஸில்தான் ஓடும். போட்டுக்கொடுத்த கோயமுத்தூர்க்காரர் கடையை மூடிவிட்டார். சிடியும் இல்லை. டிஸ்கை அழித்தால் திரும்ப வராது.

"இதெல்லாம் மியூசியத்துல வெக்கறதுக்கா" என்றான் அஸ்வின். டிஸ்கை ஃபார்மட் பண்ணிப் புது விண்டோஸ் ஏற்றிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னான். மெஷின் ஓடுமா என்று பெரியதம்பி கேட்டார். பார்க்கலாம் சார் என்றான். கரியப்பன் வாழ்நாளில் கேட்ட பார்க்கலாம்களில் ஒன்றுகூட நடந்ததில்லை.

பிறகு அவன் உள்ளே கண்ட வயரையெல்லாம் பிடுங்கினான். முன்பக்கத்துப் பட்டனிலிருந்து வருகிற மெல்லிய வயரும் அதோடு போனது. வேண்டியதை மட்டும் திரும்ப மாட்டி, பட்டன் வயர் இருந்த இடத்து ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டான். கம்ப்யூட்டர் எழுந்தது. நாலு எண்ணி, நாற்பதும் எண்ணியாயிற்று, அணையவில்லை. எல்லாம் ரப்பர் வேலை என்று அஸ்வின் சிரித்துக்கொண்டே, எதற்கும் புது விண்டோஸே ஏற்றிவிடுவோம் என்று பென்டிரைவைச் செருகினான்.

கரியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டார்ட்டர் பட்டன்களோடு முப்பது வருடம் மாரடித்தவர் அவர். வயரைப் பிடுங்கியதும் ஓடுகிறதென்றால் கோளாறு பட்டனில். குனிந்து பார்த்தார். பட்டன் உள்ளே போனது போனபடி இருந்தது, அணைப்பதற்கு யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிற மாதிரி. சுற்றிலும் மஞ்சளாக, கல் மாதிரி காய்ந்த சந்தனம்.

லேத்தானாலும் டிரில்லிங்கானாலும் மெஷின் விழிக்கிற இடத்தில்தான் பொட்டு வைக்கவேண்டும் என்பது அந்தப் பட்டறை வழக்கம். பூஜையன்று சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்து, கட்டைவிரலால் அந்தப் பட்டனில் அழுத்தி வைத்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். பெட்டிக்கு மேலே வையுங்கள் அப்பா என்று மகள் சொன்னதையும் கேட்கவில்லை.

இப்போது எப்படிச் சொல்வது? காலையில் அத்தனை பேர் முன்னால் மகளைச் சொன்ன வாய். இந்தப் பொடியன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தானே சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டால் என்ன? வாயை மூடிக்கொண்டு நின்றார்.

புது விண்டோஸ் மூச்சிரைத்து மூச்சிரைத்து மேலே வந்தது. எந்த டிஸ்க் என்று கேட்டது. அஸ்வின் அம்புக்குறியை அழிக்கிற இடத்துக்கு நகர்த்தினான். மாதேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுத்தமான கையையே பனியன் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கரியப்பன் சுவர் சுவிட்சை அணைத்தார்.

"பெரியவரே, என்னா பண்றீங்க?"

"ஒண்ணையும் அழிக்காத தம்பி. உள்ள எல்லாம் நல்லாத்தான் கீது. பட்டன்தான் மாட்டிக்கினு கீது. சந்தனம் காஞ்சி போச்சி. நான் வெச்சது."

பெரியதம்பி பட்டனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையில அந்தப் பிள்ளதான் கெடுத்துச்சுன்னு சொன்னீங்களேண்ணே."

"சொன்னன். தப்பு."

அஸ்வின் பென்டிரைவை உருவிவிட்டு, சுவர் சுவிட்சைப் போட்டு, ஊசிகளை மறுபடி தொட்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடியது. சட்டென்று அணைத்ததால் டிஸ்கைச் சோதிக்கிறது என்று மாதேஸ்வரி சொன்னாள்.  பிறகு பழைய விண்டோஸ் வந்தது. அதற்குப் பின்னால் ஒயர்கட் புரோகிராமும் ஒரு குறையுமில்லாமல் வந்தது. அஸ்வின் குண்டூசியால் சந்தனத்தைச் சுரண்டினான். பட்டன் டிக்கென்று வெளியே வந்தது.

"புது விண்டோஸ் போட்டிருந்தாலும் இதே பட்டன்தான தம்பி?" என்றார் கரியப்பன். சும்மா இருக்க முடியவில்லை.

"போட்டிருந்தா இந்த ரகசியம் வெளிய வந்திருக்காது பெரியவரே" என்றான் அவன். 

மாதேஸ்வரி கம்பியைக் கோத்து மெஷினை ஓடவிட்டாள். பொறி பறந்தது. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "காலைல எல்லாரும் இருக்கறப்ப என்னைச் சொன்னீங்க இல்ல. டீ வர்றப்ப எல்லாரும் இருப்பாங்க. இதையும் சொல்லுங்க."

டீ வந்தது. லேத் ஆட்கள் கிளாஸோடு வாசலில் கூடினார்கள். கரியப்பன் தன் கிளாஸைத் தொடாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்கள் பக்கம் போனார்.