மோஜி அம்மா வேஷம்

அயோகாவுக்கு முதல்முறை பல்லெல்லாம் விழுந்து, தலை நரைத்து, முதுகு கூனியபோது வயது பத்தொன்பது. நாடகம் முடிந்ததும் எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம் அது. எங்கள் எடே ஊர் மண்டபத்தில் லாமிடியின் நாடகக் குழு ஒரு கிழட்டு ராணியின் கதையைப் போட்டது. ராணி வேஷக்காரி மலேரியாவில் படுத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் லாமிடி, கோரஸில் ஆடிக்கொண்டிருந்த அயோகாவைப் பிடித்து, "நீதான் இன்னிக்கி ராணி" என்று சொல்லி மேடைக்குத் தள்ளிவிட்டார். மூன்றாவது வசனத்தில் பற்கள் ஒவ்வொன்றாகக் கையில் விழுந்தன. அவள் அவற்றை இடுப்புத் துணி மடிப்பில் செருகிக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தாள். ஒப்பனை பிரமாதம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஒப்பனையே போடவில்லை என்பது லாமிடிக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த மாதமே அவர் அவளைக் கட்டிக்கொண்டார். காதல் என்று அவர் சொல்லிக்கொண்டார். குழு நடத்துகிறவன் கணக்கு வேறு என்று ஊர் சொல்லிக்கொண்டது.

அந்தக் காலத்தில் எந்தக் குழுவானாலும் நாடகத்தைத் தொடங்க ஒரு பாட்டு, முடிக்க ஒரு மங்களம் உண்டு. லாமிடி குழுவில் இரண்டையும் அயான்டேலேதான் வாசிப்பார். அக்குளில் இடுக்கிக்கொண்டு அடிக்கும் பேசும் மேளம் அவருடையது. மனிதர் வாயால் பேசியது குறைவு, வேண்டியதையெல்லாம் மேளமே பேசிவிடும். தொடக்கப் பாட்டில் வேஷத்தின் பேரைச் சொன்னதும் அது அயோகாவின் உடம்பில் ஏறும், மங்களம் பாடியதும் இறங்கும். ராஜா வேஷம் கட்டினாள், தாடி முளைத்தது. ஆற்றுத் தேவதையாக வந்தாள், குழுவின் லாரியிலிருந்து மறுநாள் காலை கெளுத்தி மீன் அள்ளினார்கள். சக்களத்திக்கு விஷம் வைக்கிறவளாக இவோ ஊரில் நடித்துவிட்டு, அடுத்த நாள் சந்தைக்குப் போனபோது, சொந்த முகத்தோடு போயும் அவளுக்கு ஒருத்தியும் வெண்டைக்காய் விற்கவில்லை. ஆனால் இது எல்லா நடிகைக்கும் நடப்பதுதான், இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மகள் மோஜிசோலா வயிற்றில் இருந்தபோது குழு ஒரு மலடியின் கதையோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. ஏழாம் மாதத்திலும் மலடி வேஷம் அயோகாவுக்குத்தான். தொடக்கப் பாட்டு அடித்ததும் வயிறு தட்டையாகிவிடும். மங்களம் முடிந்ததும் பிள்ளை திரும்பி வந்து, கோபத்தில் இரண்டு உதை விடும். நடுவில் அந்தப் பிள்ளை எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிற்பாடு மோஜியே கேட்டாள். "தினமும் ரெண்டு மணி நேரம் என்னை எங்கேம்மா வச்சே?" என்று ஆறு வயதில் அவள் தாயைக் கேட்டதை அண்டை வீட்டார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அயோகா சிரிக்கவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தலைப்பிள்ளையின் பேரைச் சொல்லி, இன்னாருடைய அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அயோகாவை மட்டும் மோஜி அம்மா என்று கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ராணி போகிறாள், தேவதை வருகிறாள், ஏ விஷக்காரி என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வாரம் ஒரு வேஷத்தில் பார்த்தவளை வேறெப்படிக் கூப்பிடுவது? சின்னப் பெண் மோஜி அதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

அப்புறம் சினிமா வந்தது. மண்டபங்களில் ஆள் குறைந்தது. லாமிடியும் காலத்தோடு போக வேண்டும் என்று ஒரு படம் எடுத்தார். அதில் அயோகாவுக்குப் பதினாறு வயது மீன்காரி வேஷம். மூன்று மாதம் படப்பிடிப்பு, தொடக்கப் பாட்டு இல்லாமலே கேமரா முன்னால் வேஷம் ஏறிவிட்டது. முடிந்து வீட்டுக்கு வந்தவள் மீன்காரியாகவே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் நாளன்று போனபோது வாத்தியார் அவளைப் பார்த்து, "நீ எந்த வகுப்பும்மா? சீருடை எங்கே?" என்று அதட்டினார். வகுப்பே சிரித்தது. மோஜி வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. அயோகா அயான்டேலேயிடம் போய், "அண்ணே, ஒரு மங்களம் அடிச்சு விடுங்க, என் பொண்ணு என்னைப் பாக்கவே மாட்டேங்கிறா" என்றாள். அவர் மேளத்தைத் தடவினார். "அடிக்கிறதுக்கு என்ன, அடிச்சிரலாம்மா. ஆனா படம் இபாடான்ல ஓடுது, இலோரின்ல ஓடுது. ஓடுற நாடகத்துக்கு எப்படி மங்களம் பாடுறது?" என்றார். அடித்துப் பார்க்கவும் செய்தார். பலிக்கவில்லை. சினிமா எங்காவது ஒரு கொட்டகையில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு படத்தை இன்னொரு படம் தள்ளினால்தான் உண்டு, நெரிசல் பஸ்ஸில் ஏறுகிறவன் முன்னால் நிற்பவனைத் தள்ளுகிற மாதிரி.

அப்படியே தள்ளித் தள்ளிப் பதினைந்து வருஷம் போனது. இதற்கிடையில் குழு கலைந்தது, லாமிடி காமாலையில் போய்ச் சேர்ந்தார். வீடியோ படங்கள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம், ஒரு படத்துக்கு இரண்டு வாரம்தான். மோஜி கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசலில் ஒரு புதுப் பெண்பிள்ளை நிற்பாள். சிப்பாய், குருடி, லேகோஸ் சீமாட்டி. அயோகாவைப் போல எந்த வேஷமும் கட்டுகிறவள் இந்த நாட்டிலேயே இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. உண்மைதான். ஆனால் அவளுடைய சொந்த முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்கே நினைவில்லை. வீட்டில் இருந்த ஒரே போட்டோவும் கல்யாணத்தன்று தலை திரும்பும்போது எடுத்தது, முகம் கலங்கலாக விழுந்திருந்தது.

மோஜிக்கு இலோரினிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் கோலா நல்ல பையன். நாள் குறித்தாகிவிட்டது. மோஜி தாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா, கல்யாணத்தன்னிக்கி மட்டும் அம்மா மாதிரி வா. போதும்." அயோகாவும் சத்தியம் பண்ணினாள். அதற்குள் எடுத்து முடிக்க வேண்டிய சூனியக்காரி படம் ஒன்று கையில் இருந்தது. அதை முடித்துவிட்டு, சாந்தமான ஒரு குடும்பப் படத்தில் தலை காட்டினால் முகம் மாறிவிடும் என்று கணக்குப் போட்டாள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் சூனியக்காரி படமே இழுத்துக்கொண்டது. கல்யாண நாள் வந்தபோது அவள் கோரைப் பல் வெளியே நீட்டி, கண் மஞ்சளாய், எண்பது வயதுச் சூனியக்காரியாக உள்ளறையில் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகம் அதற்குள் போஸ்டராகி இலோரின் பஸ் நிலையம் முழுக்க ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள்.

எங்கள் கல்யாணங்களை நடத்துவது அலாகா என்கிற பெண்பிள்ளை. பாடுவாள், ஆடுவாள், மாப்பிள்ளையையும் அவன் சிநேகிதர்களையும் தரையில் குப்புற விழுந்து கும்பிட வைப்பாள், சரியாக விழாதவனை மறுபடியும் விழச் சொல்வாள். அன்றைய அலாகா சிதிகாத். முன்பு லாமிடி குழுவில் தோழி வேஷம் கட்டியவள், வாய் கொஞ்சம் நீளம். மாப்பிள்ளையும் சிநேகிதர்களும் விழுந்து எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தபோது கோலாவின் பெரியம்மா, "பெண்ணோட அம்மா எங்கே? ஆசீர்வாதம் வாங்கணுமே. அம்மா இல்லாத வீடா இது?" என்றாள். முக்காட்டுக்குள் மோஜி அழுவது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

சிதிகாத் உள்ளே போனாள். "எந்திரி அக்கா."

"இந்த மூஞ்சியோடவா? பொண்ணு வாழ்க்கை போயிரும்டி. நான் செத்துட்டேன்னு சொல்லிடு."

"செத்த வேஷமும் உனக்குப் புதுசில்ல, தெரியும். பேசாம எந்திரி. இன்னிக்கி உனக்கு வேற வேஷம்."

சிதிகாத் வாசலுக்கு வந்து, பந்தலில் மேளத்தோடு உட்கார்ந்திருந்த அயான்டேலேயைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அந்தக் கை ஜாடை லாமிடியுடையது. "அண்ணே, தொடக்கப் பாட்டு அடிங்க. வேஷம், மோஜியோட அம்மா!"

அயான்டேலே பதினைந்து வருஷமாக அடிக்காத அந்தப் பாட்டை அடித்தார். துணிக்குள்ளிருந்து அயோகாவின் குரல் மட்டும் வந்தது. "சிதிகாத், ஒத்திகையே இல்லையே. இந்த வேஷத்துக்கு எனக்கு வசனம் தெரியாதேடி." முப்பது வருஷ மேடையில் அவள் பயந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை. மோஜி முக்காட்டைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். மணப்பெண் அப்படி ஓடக் கூடாது, ஓடினாள். "வசனம் நான் சொல்றேன்மா, நீ வா" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

வந்தவள் ஐம்பது வயதுப் பெண். கொஞ்சம் பருமன், முன்பற்களில் மோஜிக்கு இருப்பது போலவே ஒரு இடைவெளி, இடது புருவம் கொஞ்சம் உயர்ந்து, எதையோ கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மோஜி முன்னால் மண்டியிட்டாள். மகள் மெல்லச் சொல்லச் சொல்ல, தாய் உரக்க ஆசீர்வதித்தாள். பாதிக்கு மேல் மகள் சொல்லவில்லை, தாயே சொல்லிக்கொண்டு போனாள். கோலாவின் பெரியம்மா, "பாரேன், அப்படியே அச்சு" என்றாள். அன்று பந்தலிலிருந்த எல்லோரும் அவளை மோஜி அம்மா என்று கூப்பிட்டார்கள். நாங்களும்தான். இத்தனை வருஷம் ஏன் கூப்பிடவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் மோஜி புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் முன் அயான்டேலேயைத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, எந்தக் காலத்துலயும் இதுக்கு மங்களம் பாடிடாதீங்க. வேஷம் இறங்கிடுச்சுன்னா எனக்கு இந்த முகம் போயிரும்." அவர் மேளத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

மேடை நாடகத்தை மங்களம் மட்டும்தான் முடிக்கும், எந்தப் படமும் அதைத் தள்ளாது. ஆகவே அதன் பிறகு அயோகாவின் உடம்பில் ஒரு வேஷமும் ஏறவில்லை. ராணி என்றாலும் திருடி என்றாலும் மோஜி அம்மாவாகவே வந்து நின்றாள். டைரக்டர்கள் தலையில் கை வைத்தார்கள். ஐம்பத்து மூன்றாவது வயதில் அவளுக்கு முதல்முறையாக ஒப்பனை போட்டார்கள். பவுடர் அரிக்கிறது, விக் குத்துகிறது என்று ஒப்பனைக்காரப் பெண்ணைப் படாதபாடு படுத்தினாள். இருந்தும் அவள் நடித்ததில் சிறந்தவை அந்த வருஷங்களில் வந்தவைதான். முன்பெல்லாம் வேஷம் தானாக நடித்தது, இப்போதுதான் நான் நடிக்கிறேன் என்று ஒரு பேட்டியில் சொன்னாள். பேட்டி எடுத்தவனுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

எழுபதாவது பிறந்தநாளை மோஜி எடேயில் பெரிதாகக் கொண்டாடினாள். எல்லோருக்கும் ஒரே நிறத் துணி எடுத்து, ஜொலோஃப் சோறும் பொரித்த கறியும் அண்டா அண்டாவாக ஆக்கிப் போட்டார்கள். அயான்டேலேக்கு அப்போது காது சுத்தமாகப் போயிருந்தது, சத்தியமும் மறந்திருந்தது. பாத்திரங்கள் காலியாவதைப் பார்த்தார். கூட்டம் முடிகிற நேரம் வந்தது என்று கை பழக்கத்தில் மேளத்தை இடுக்கிக்கொண்டு மங்களத்தை அடிக்க ஆரம்பித்தார்.

பழைய ஆட்கள் எல்லோருடைய கையும் வாய்க்கு முன்னால் நின்றுவிட்டது. மோஜி கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு, "மாமா, வேண்டாம், நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். காது கேட்டால்தானே? அவள் மேளத்தைப் பிடுங்கும்போது கடைசி அடியும் விழுந்துவிட்டது. மோஜிக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரி, வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா, இப்ப நீ யாரும்மா?" என்றாள்.

"என்னடி கேள்வி இது? கறி இன்னும் இருக்கா, இல்ல எல்லாத்தையும் கீழ கொட்டிட்டியா?"

மோஜி கண்ணைத் திறந்தாள். அதே பருமன், அதே பல் இடைவெளி, உயர்ந்த இடது புருவம், மோவாயில் மட்டும் கொஞ்சம் எண்ணெய். வேஷம் இறங்கிவிட்டது, முகம் அப்படியே இருந்தது. மோஜி கொட்டிய கறிக்கு நடுவிலேயே உட்கார்ந்து தாயின் மடியில் தலையைப் போட்டுச் சத்தமாக அழுதாள். எங்களில் பலரும் அழுதோம், பிறகு சிரித்தோம். ஒன்றும் புரியாத அயான்டேலே மேளத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மோஜி அம்மா, மோஜி அம்மா என்று அடித்தார். அடுப்பில் இன்னொரு அண்டாக் கறி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தோம்.