புதுப் பாலத்தைப் பார்த்த பக்கம்

குளியலறைத் தகரக் கதவின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் பச்சை அடித்துவிட்டு, பிரஷை மண்ணெண்ணெயில் போட்டான். "உள்பக்கம் சாயங்காலம்," என்றான் அவன்.

"பாலத்துப் பெயின்ட்டையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வாங்க. கப்பல்காரன் வழி தவறி இங்கயே வந்து நிக்கப் போறான்," என்றாள் மனைவி.

"வந்தா ஒரு டீ போட்டுக் குடு."

கதவில் கை வைத்துவிடாதே என்று வாசலிலிருந்து ஒருமுறை கத்தினான். அதுதான் கடைசி.

துறைமுகத்தின் பழைய இரும்புப் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பது அவன் வேலை. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடம் துருவேறிவிடும். வேலைக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்தில் புதுப் பாலம் எழும்பியதும் அந்த வேலையும் நின்றது. வெள்ளைக் கோபுரங்களிலிருந்து விசிறிபோல் இறங்கும் கம்பி வடங்களை அவன்தான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினான். "அழகாத்தான் இருக்கு. நமக்குச் சோறு போடாது," என்றான்.

திறப்பு விழா நெருங்கியபோது திடீரென்று மறுபடி கூப்பிட்டார்கள். வேலை வந்ததே என்று அவளும் சந்தோஷப்பட்டாள். விழா முடிந்ததும் உடைக்கப்போகிற பாலத்துக்கு எதற்குப் பெயின்ட் என்ற கேள்வி, அவனைத் துணி சுற்றிக் கொண்டுவந்து கிடத்திய பிறகுதான் எழுந்தது. அவன் நின்று அடித்த தொங்குபலகையைக் கட்டியிருந்த இரும்பு இற்றுப் போயிருந்ததாம்.

துக்கம் கேட்க வந்த இன்ஜினியரிடம் அதையே கேட்டாள். கூடவே வேலை செய்த கொழுந்தன்தான் வெடித்தான். "போட்டோவுக்கு அண்ணி! புதுப் பாலத்தைப் படம் பிடிச்சா பின்னாடி துரு தெரியுதாம். அந்தப் பக்கம் மட்டும் அடிங்கடான்னாங்க. கடல் பக்கம் தொடவே இல்ல."

"மேலிடத்து உத்தரவும்மா," என்றார் இன்ஜினியர்.

"டீ குடிங்க சார்," என்றாள். அவர் குடிக்காமலே எழுந்து போனார்.

விழாப் படம் பத்திரிகையில் வந்தது. முன்னால் மாலையும் கையுமாக மனிதர்கள், அவர்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம். பின்னால் பழைய பாலம் ஒரு மங்கல் கோடு. பச்சையா துருவா என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது.

பாலத்தை அறுத்துப் படகில் ஏற்றிக்கொண்டுபோன வாரத்தில், கொழுந்தன் மூலையில் கிடந்த பெயின்ட் டப்பாவை ஆட்டிப் பார்த்தான். "கொஞ்சம் மிச்சம் இருக்கு அண்ணி. கதவோட உள்பக்கத்தையும் அடிச்சிடட்டுமா?"

"அதை யாரு போட்டோ எடுக்கப் போறா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். பச்சை பளபளத்தது. உள்ளே போய்த் தாழ் போட்டாள். கண்ணெதிரே அதே துரு.