பழைய மெசினுக்குப் புது ட்ரைவர்

சாய்ந்தமருதில் றுஸ்தா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொம்பியூட்டர் வெள்ளிக்கிழமை பார்த்துச் செத்தது. டெங்கு ஊரையே படுக்கப் போட்டிருந்த நேரம். ரத்தம் எண்ணும் மெசின் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அதன் சொந்தத் திரை எப்போதோ கருகிவிட்டது. கொம்பியூட்டர் வாய் திறந்தால்தான் முடிவு தெரியும்.

கொம்பியூட்டர் திருத்தும் ஜவாத் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தான். மெசின் சொல்வதைக் கொம்பியூட்டருக்கு விளங்கவைக்கும் பழைய ட்ரைவர் அதில் ஏற மறுத்தது. அதே கம்பனியின் புது மெசினுக்கு எழுதிய ட்ரைவரை இறக்கிப் போட்டான்.

"இது பழைய மெசினோடயும் வேல செய்யும் ராத்தா. அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

"பிழை வந்தா காட்டுமா தம்பி?"

"பச்சை எரியுதே, பாருங்களன்."

றுஸ்தா தினமும் பிஸ்மி சொல்லித் தன் ரத்தத்தைத்தான் முதலில் மெசினில் விடுவாள். மெசினைச் சரிபார்க்கும் திரவம் கொழும்பிலிருந்து வந்தால் வந்ததுதான். தன் எண்கள் அவளுக்கு மனப்பாடம். ஹீமோகுளோபின் 10.8, கலியாணம் முடித்த நாளிலிருந்து தேறாத சோகை. அன்றும் அதுவே வந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் ஜவாத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவள் கதவைச் சாத்தப் போனபோது, பக்கத்து வளவுச் சுஹறா தன் புருசன் முனாபை ஓட்டோவில் கொண்டுவந்தாள். கடலுக்குப் போகிற ஆள். படியேறவே மனைவியைப் பிடித்துக்கொண்டான். காய்ச்சல் அன்று காலையில்தான் விட்டிருந்தது; டெங்குவில் அதற்குப் பிறகுதான் ஆபத்து. பிளேட்லெட் குறைந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி டொக்டர் சொல்லியிருந்தார்.

பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல் காட்டியது. ஹீமோகுளோபின் 10.8. ஆம்பிளைக்கு இது குறைவாச்சே என்று றுஸ்தாவின் நெஞ்சில் தட்டத்தான் செய்தது. காய்ச்சலில் வாடியிருப்பான் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பாழாய்ப்போன சமாதானம்!

"பயமில்ல சுஹறா. வீட்ட கூட்டிட்டுப் போங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! நீங்க சொன்னாத்தான் ராத்தா எனக்கு நித்திர வரும்."

சனிக்கிழமை காலை அவளுடைய ரத்தம் சற்று இறங்கி 10.6 என்றது. அடுத்து ஒரு கிழவரின் ரத்தம். அதுவும் 10.6; பிளேட்லெட்டும் ஓர் இலக்கம் பிசகாமல் அவளுடையது. ஜவாதுக்குப் போன் எடுத்தாள்.

அவன் வந்து பார்த்து முகத்தைத் துடைத்தான். சுவிட்ச் போட்டதும் வரும் முதல் முடிவில் மட்டும் பழைய மெசினும் புது ட்ரைவரும் ஒத்துப்போகின்றன. அதற்குப் பிறகு மெசின் சொல்வது ட்ரைவருக்கு விளங்குவதில்லை. விளங்கவில்லை என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த முதல் முடிவையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கோடு.

"இன்னொரு ஆள்ட ரத்தமும் விட்டுப் பாத்திருக்கணும் ராத்தா."

றுஸ்தா செருப்பையும் மறந்து வெளியே இறங்கினாள். பள்ளிவாசல் ஸ்பீக்கர் கரகரத்தது. ஜனாஸா அறிவித்தல், யாரோ இறந்துவிட்டார். முனாபின் பெயரைச் சொன்னார்கள்.

வீடு நிறையப் பெண்கள். சுஹறா ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கைகால் சில்லிட்டுக் கிடந்தாரு ராத்தா. ஆஸ்பத்திரிக்குப் போவமெண்டு மாமி சொன்னா. றிப்போட்டு நல்லம், றுஸ்தா ராத்தா பிழையாச் சொல்லமாட்டா எண்டு நான்தான் மறிச்சுப்போட்டன். அல்லாஹ்ட நாட்டம்."

பெண்கள் ஓம் என்று தலையாட்டினார்கள். முனாபைப் பெற்ற மாமி மட்டும் சுஹறாவையே வெறித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இனி ஆயுசுக்கும் சுஹறாவை விடாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் றுஸ்தா தப்பிவிடலாம். அந்த ஆசை வந்ததை நினைக்க அவளுக்கே அருவருத்தது.

"சுஹறா, அந்த றிப்போட்டுல இரிந்தது முனாப்ட ரத்தமில்ல. என்ட ரத்தம்."

கழுத்தைக் கட்டியிருந்த கைகள் கழன்றன.