மரம் மூத்தவளுக்கு, மண் இளையவளுக்கு

ஆண்டியப்பனின் கருமாதி முடிந்த காலையில், ஆலங்குடிக்குப் பக்கத்தில் அவர் தோட்டத்துப் பலாமரம் வேரோடு கிளம்பி, தரைக்கு ஒரு முழம் மேலே அசையாமல் நின்றது. உயில்படி அது சரிதான். தனக்குப் பின்னால் பங்காளிகள் புகுந்து, பிள்ளையில்லாத தன் இரண்டு மனைவிகளையும் தெருவில் நிறுத்திவிடக் கூடாதென்று, 1937இலேயே சொந்தச் சம்பாத்தியம் முழுவதையும் அவர் பிரித்து எழுதியிருந்தார். வீடும் வயலும் ஆளுக்குப் பாதி. தோட்டத்தில் மட்டும் மரம் மூத்தவள் உண்ணாமலைக்கு, மண் இளையவள் சொர்ணவல்லிக்கு. ஒரே இடத்துக்கு வந்துபோனால் இருவரும் ஒட்டிக்கொள்வார்கள் என்று நினைத்திருப்பார். மரம் அந்த மண்ணில் நிற்கலாம் என்று ஒரு வரி சேர்க்கப் பத்திரக்காரர் மறந்துவிட்டார். பங்காளிகள் வந்தார்கள், அந்தரத்தில் நின்ற மரத்தைப் பார்த்தார்கள், பத்திரம் பலமானது என்று புரிந்துகொண்டு திரும்பிப் போனார்கள்.

உண்ணாமலைக்குப் பழத்தைப் பற்றிக் கவலையில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்டியப்பன் துண்டை விரித்துப் படுத்த இடம் அந்த மரத்தடி. அந்த இடம் யாருக்கு என்பதுதான் அவளை அரித்தது.

“அவுக படுத்தது நெழல்லடி. நெழலு மரத்தோடது. மரம் என்னுது.”

“தரையில்லாம அந்தரத்துலயா படுத்தாக? மண்ணு என்னுதுக்கா. வேணும்னா நீங்க மேல ஏறிப் படுத்துக்கங்க.”

உண்ணாமலை ஏறித்தான் உட்கார்ந்தாள். நிழலும் தரையைத் தொடாமல் முழ உயரத்திலேயே நின்றுவிட்டதால், சொர்ணவல்லி கீழே சுட்ட மண்ணில் வெயிலோடு படுத்தாள். கன்னத்தில் ஒட்டிய செம்மண்ணைத் துடைக்காமலே வீட்டுக்கு வருவாள். அதைப் பார்த்தால் உண்ணாமலைக்குச் சோறு இறங்காது.

யுத்தம் வந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. மழையைக் குடித்தே பிழைத்த மரம் கடைசியில் இலை பழுத்து வாடத் தொடங்கியது. “மரத்த எம் மண்ணுல எறக்கிக்கங்க. ஆனா வாயத் தொறந்து கேக்கணும்” என்றாள் சொர்ணவல்லி. கேட்பதைவிட மரம் பட்டுப்போகட்டும் என்றிருந்த உண்ணாமலைக்கு ஒருநாள் உறைத்தது: மரம் போனால் மண்தான் மிஞ்சும், அவள் மட்டும் அங்கே படுத்துக் கிடப்பாள். அன்றே பத்திரக்காரரிடம் போனாள்.

“மரத்த அவளுக்கே எழுதிருங்க. நெழல மட்டும் என் ஆயுசு வரைக்கும் எம்பேர்ல நிறுத்துங்க.”

“நெழல எப்படிம்மா தனியா எழுதுறது?”

“மண்ணையும் மரத்தையும் தனியா எழுதுனீங்கள்ல?”

பதிவு முடிந்ததும் மரம் இறங்கி வேர் பிடித்தது. நிழல் கிளம்பி உண்ணாமலையின் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது. அவள் சமஸ்தான எல்லை தாண்டி அறந்தாங்கிச் சந்தைக்குப் போனாலும் கூடவே போனது. பிள்ளைத்தாச்சிகள் அவளை ஒட்டி நடந்தார்கள். துளிர்த்த மரத்தின் கீழ் மட்டும் வெயில் கொளுத்தியது.

அடுத்த சித்திரையில் சொர்ணவல்லி வாசலில் வந்து நின்றாள். “வாங்கக்கா. மண்ணு சுடுது.”

உண்ணாமலை உடனே எழுந்திருக்கவில்லை. ஒரு வெற்றிலையை முழுதாக மென்று முடித்த பிறகே போனாள். நிழல் தரையில் விழுந்தது. இருவரும் படுத்தார்கள்.

“தள்ளிப் படுடி. அவுக தல வச்ச எடம் இது.”

“கால் வச்ச எடம்க்கா அது. தல அங்கிட்டு.”

தலைமாடு எது என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சண்டை இருவர் ஆயுசுக்கும் நடந்தது.