எழவு வீட்டு அடுப்பு

பால் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள் அஞ்சலாட்சி. கத்தரிக்கோல் கைக்கெட்டும் ஆணியில்தான் தொங்கியது. ஆஸ்பத்திரியில் நாள்கணக்காக விழித்துக் கிடந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. பாத்திரத்தை அடுப்பில் வைத்து லைட்டரைத் தட்டினாள். பற்றவில்லை. மறுபடி தட்டினாள்.

"ஆன்ட்டி, நான் போடறேனே," என்றாள் லினெட்.

"நீ போயி ஒன் அத்தைகிட்ட குந்தும்மா. எனக்கு வேல இருந்தா தேவல."

அத்தை மதலேன் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். லினெட்டின் அப்பா பிரான்சுவாவுக்கு ஒரே தங்கை. விடிவதற்குள் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றவள், சேதராப்பட்டு கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கிடைத்த அஞ்சலாட்சியோடு இந்த நெல்லித்தோப்பு வீட்டில் அரை ஆயுசு குடித்தனம் நடத்தினாள். சொந்தக்காரர்கள் அதற்குக் குடித்தனம் என்று பேர் வைக்கவில்லை. துணைக்கு ஒருத்தி என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம் பாருங்கள், அந்த நிம்மதி.

லினெட்டுக்கு அந்த நிம்மதியும் கிடையாது. பெண்ணை நேசிக்கும் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், ஊர் அவர்களை என்னவாகப் பார்க்கிறது என்பதுதான் அவளுடைய பிஎச்.டி. வீட்டில் 'பெண்கள் முன்னேற்றம்' என்று சொல்லிவைத்திருந்தாள். கடலூர், விழுப்புரம் என்று அலைந்து, முன்பின் தெரியாத பெண்களை உட்காரவைத்துக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் வாய் திறப்பவர்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் மௌனமாகிவிடுவார்கள். உங்களில் ஒருவர் போய்விட்டால், மற்றவரிடம் யார் வந்து துக்கம் கேட்பார்கள்?

"எங்க ரெண்டு பேர ஏன் கேக்க மாட்டேங்கற?" என்று அத்தை ஒருநாள் மடக்கினாள்.

"சொந்தக்காரங்கள எடுக்கக் கூடாது அத்தை. அது ரூலு."

"நல்ல ரூலுடி. சொந்தக்காரங்க எங்கள எதுவும் கேக்காம இருக்கறதுல கெட்டிக்காரங்களாச்சே!"

அன்றைக்கு அஞ்சலாட்சியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

லினெட் கூடத்துக்கு வந்தாள். ஆண்கள் வந்து பிரான்சுவாவின் கையைப் பிடித்தார்கள். பெண்கள் லினெட்டின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மாவும் அத்தையும் முகம் கொடுத்துப் பேசியே வருஷக்கணக்காகிறது. அடுக்களைப் பக்கம் ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை.

"அஞ்சலாட்சி! காபி என்னா ஆச்சு? காலைலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல," என்று குரல் கொடுத்தாள் அம்மாவின் அக்கா வேளாங்கண்ணி.

பக்கத்தில் இருந்தவள் தயங்கினாள். "எழவு வூட்ல அடுப்பு பத்த வைக்கலாமாக்கா?"

"நாமதான் வைக்கக் கூடாது. அவ வெளி ஆளுதான? அவ வச்சா ஒண்ணுமில்ல."

லினெட் அப்பாவைப் பார்த்தாள். அவர் காதிலும் விழுந்திருந்தது. தலை குனிந்து தரையைப் பார்த்தார். இவள் வாயைத் திறந்தால் செத்தவளின் பேரைச் சொந்தபந்தம் மென்று தின்னும். திறக்காவிட்டால் சாயங்காலம் பெட்டி மூடும்வரை அஞ்சலாட்சி காபி போட்டவளாகவே நின்றுவிடுவாள். இத்தனை படித்து என்ன பிரயோசனம் என்று லினெட்டுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். பால் அப்போதுதான் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது.

"என்னாம்மா பண்ற? எல்லாரும் காத்துனு இருக்காங்க."

"எழவு வூட்ல அடுப்பு எரியக் கூடாது."

"அது அவங்களுக்கும்மா."

"ஒங்களுக்குத்தான். வாங்க அத்தை."

அஞ்சலாட்சி அவளையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வாயில் ஆன்ட்டியைத் தவிர வேறு வரவில்லை. லினெட் அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

பெட்டியின் தலைமாட்டு நாற்காலியில் வேளாங்கண்ணி இருந்தாள்.

"பெரியம்மா, அத்தை குந்தட்டும். கொஞ்சம் தள்ளிக்குங்க."

"எவ அத்தை? இவளா? அப்ப காபி?"

"அப்பா வெளியிலருந்து வாங்கினு வருவாரு."

எல்லோரும் பிரான்சுவாவைப் பார்த்தார்கள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைத் தேடி மாட்டினார்.

"எத்தினி பேருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

வேளாங்கண்ணி முணுமுணுத்தபடியே நகர்ந்தாள். அந்த நாற்காலியில் அஞ்சலாட்சி உட்கார்ந்தாள்.

டீக்கடையிலிருந்து தூக்குவாளியில் காபியோடு திரும்பியவர், முதல் டம்ளரை ஊற்றி அஞ்சலாட்சியிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

அப்போது விழுப்புரத்திலிருந்து தூரத்து உறவுக்காரி ஒருத்தி, பஸ்ஸில் கசங்கிய சேலையோடு உள்ளே வந்தாள். இங்கே அவளுக்கு ஒருவரையும் சரியாகத் தெரியாது. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரையும் விசாரிக்கவில்லை. நேராகத் தலைமாட்டுக்குப் போய் அஞ்சலாட்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஒன்ன தனியா உட்டுட்டுப் போயிட்டாளேடியம்மா!" என்று பெருங்குரலெடுத்து அழுதாள்.

காபி சரிந்து மடியெல்லாம் கொட்டியது. அஞ்சலாட்சிக்கு உறைக்கவில்லை. வந்தவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுக்களையிலிருந்து எடுத்து வந்த லைட்டர் இன்னும் வலது கையில் இறுகியிருந்தது. லினெட் குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கிக்கொண்டாள்.