தட்டுச் சத்தம்

மூளை உறையில் கிருமி தொற்றிய காய்ச்சல். நாலு வயது மகள் பிழைத்து எழுந்ததே பெரிய விஷயம். மூன்று வாரம் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கிய தையல்காரிக்கு இனி அந்த வாசலை மிதிக்கத் தெம்பில்லை. டாக்டர்தான் விடவில்லை.

"காது டெஸ்ட்டை இந்த வாரமே எடுத்துடுங்கம்மா. கேக்கலைன்னா உடனே வைத்தியம் பண்ணணும். விட்டா காதுக்குள்ளே எலும்பு வளர்ந்து மூடிக்கும், அப்புறம் வைத்தியம் பண்றதே கஷ்டம்."

அவள் வீட்டுக்காரன் அன்றைக்கே டெஸ்ட் வைத்துவிட்டான். கட்டிலில் உட்கார்ந்திருந்த மகளின் பின்பக்கமாகப் போய், கட்டில் சட்டத்தில் எவர்சில்வர் தட்டால் ஓங்கி ஒரு போடு போட்டான். மகள் வெடுக்கென்று திரும்பினாள்.

"பாம்புக் காதுடி உம் பொண்ணுக்கு!"

அப்பாடா என்று அவளும் டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் சீட்டை நூல் டப்பாவில் போட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓடிவிட்டது. கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. தெருவே 'ரேடியோப்பெட்டி' என்று பட்டப்பெயர் வைத்த வாய், இப்போது திறப்பதும் இல்லை. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு, நோய் விட்ட களைப்பு... காரணத்துக்கா பஞ்சம்!

பத்தாம் நாள் காலை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் மெஷின் பலகையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். நூல் அறுந்தது, மிதியை நிறுத்தினாள். மகள் சட்டென்று தலையைத் தூக்கினாள். மறுபடி மிதித்தாள். மகள் மறுபடி கன்னத்தைப் பலகையில் வைத்துக்கொண்டாள்.

சத்தம் இல்லை, பலகையின் அதிர்வைத்தான் பிள்ளை கன்னத்தில் வாங்குகிறாள். அன்றைக்குக் கட்டில் அதிர்ந்ததே, பாவி, அதற்கல்லவா திரும்பியிருக்கிறாள்!

அதே தட்டை எடுத்தாள். மகளுக்குப் பின்னால் நின்று, எதிலும் படாமல் தூக்கிப் பிடித்து, கரண்டியால் அடி அடி என்று அடித்தாள். எதிர்வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று ஓடிவந்தாள். மகள் அசையவில்லை.

நூல் டப்பாவைக் கவிழ்த்துச் சீட்டை எடுத்தாள். மறுபடியும் அந்த நாற்காலியா என்று கால் கெஞ்சியது. கெஞ்சட்டும். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"என்னடி ஆச்சு? எங்க கிளம்பிட்ட?" என்றாள் அக்கா.

"கேக்கலக்கா. எம் புள்ளைக்குக் காது கேக்கல."

மகள் இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏம்மா எல்லாரும் வாயை மட்டும் ஆட்டுறீங்க? எம்மேல கோவமா? எங்கூடப் பேசவே மாட்டீங்களா?"