செவ்வாய்க்கிழமைச் சீட்டுகள்

புத்தூரில் கட்டுப் போடுகிறவர் என் மகளின் இடது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டார். "எப்டிம்மா ஆச்சு?" பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். சம்பந்தியம்மா ரத்தினம்மா காலையில் போனில் அப்படித்தான் சொன்னாள்; நானும் ரயிலில் வழி நெடுக அதையே நம்பிக்கொண்டு வந்தேன். அவர் அவள் மணிக்கட்டுக்கு மேலே வீங்கியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு நாளைக்கு நூறு கை, கால் பார்க்கிற மனிதர். "விழுந்தா உள்ளங்கைய ஊனுவாங்க, மணிக்கட்டுல போவும். இது அப்டி இல்ல. யாரோ புடிச்சித் திருப்பிக்கீறாங்க" என்று சொல்லிவிட்டு, பச்சிலை விழுதை அள்ளிப் பூச ஆரம்பித்தார். மூங்கில் பத்தைகளை வைத்து இறுக்கித் துணி சுற்றும்போதுகூட நந்திதா கத்தவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அருள் நிறைந்த மரியே சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஊசி போடும்போது அழாமல் இருக்க அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

என் பெயர் அமலோற்பவம். ரேணிகுண்டா ஸ்டேஷனில் வெயிட்டிங் ரூம் பார்த்துக்கொள்கிற வேலை, என் வீட்டுக்காரர் தண்டவாளத்தில் அடிபட்டுப் போனபிறகு ரயில்வே கொடுத்தது. ஆனால் கோவில் சனங்களுக்கு என்னை அந்த வேலையால் தெரியாது. தினமும் விடிகாலை ஐந்தரைக்கு, செபமாலை சொல்லி முடித்த கையோடு, அன்றைய புனிதரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் போடுவேன். குழுவுக்கு 'ஆன்ம உணவு' என்று பெயர் வைத்ததும் நான்தான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். புனித ரீத்தா எப்படிப் பொறுத்தாள், புனித மோனிக்கா எப்படி அழுதாள், புனித ஜெர்மானா சித்தியின் கொடுமையை எப்படிச் சிரித்த முகத்தோடு தாங்கினாள் என்று ஆறு வருடமாகப் பேசியிருக்கிறேன். கேட்டுவிட்டுக் கைகூப்பிய பொம்மைகளை அனுப்புவார்கள். நானும் அதை ஒன்று விடாமல் எண்ணிப் பார்ப்பேன், பொய் சொல்லக் கூடாது.

புத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் ரேணிகுண்டா வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"திருப்பினது மாப்ளயா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"எத்தினி நாளா நடந்துகினு கீது?"

"ரெண்டாவது மாசத்துலருந்து."

கல்யாணமாகி ஒன்றரை வருடம். மருமகன் தருண் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். எனக்கு முன்னால் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வரும்போது அவன் கைகூப்பியிருக்கும் அழகைப் பார்த்து, இந்தப் பையனைக் கொடுத்ததற்கு நன்றி என்று நான் கண்ணை மூடிச் சொல்லியிருக்கிறேன். "ஏண்டி, பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா உனக்கு?" என்று அவள்மேல் பாய்ந்தேன். கை உடைந்து உட்கார்ந்திருக்கிறவள்மேல்.

"சொன்னேன்மா" என்றாள். "மொதல்லயே போன்ல சொன்னேன், அவருக்குக் கோவம் வந்தா கை நீளுதுன்னு. மோனிக்கம்மா புருஷனும் கோவக்காரருதான், செபம் பண்ணியே மாத்தினாங்க, நீயும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுன்னு சொன்னே. அப்பால இன்னாத்த சொல்றது? அதான் சீட்டுல எழுதிப் போட்டேன். பதினோரு செவ்வா. எல்லாத்தயும் நீதானே மைக்ல படிச்சே."

வண்டி வந்ததும் கட்டுப் போட்ட கை யார்மேலும் இடிக்காமல் அவளை ஏற்றி, சன்னலோரம் உட்கார வைத்து, நானும் எதிரில் உட்கார்ந்தேன்.

எங்கள் கோவிலில் செவ்வாய் சாயங்காலம் அந்தோணியார் நவநாள் செபம். தமிழ்ச் சனங்களுக்கென்று தமிழில் நடப்பது அது ஒன்றுதான். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதலைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடுவார்கள். பெயர் எழுதுவதில்லை. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் எட்டிப் பார்ப்பதில்லை, புருஷனே ஆனாலும். செவ்வாய் லீவு என்பதால் வாரா வாரம் கூடவே வரும் தருண் பக்கத்தில் நிற்கும்போதே நந்திதா எழுதிப் போட்டது அதனால்தான். வேறெங்கே அவளால் தனியாக ஒரு வரி எழுத முடிந்திருக்கும்? அவள் போனைக்கூட அவன்தான் வைத்திருப்பானாம். பாதிப் பேர் தெலுங்கில் படித்தவர்கள், தமிழ் பேச வரும், எழுத வராது. என் மகளும் அப்படித்தான். அதனால் உபதேசியார் சூசைநாதன் சீட்டுகளைப் பிரித்து, நல்ல தமிழில் ஒரு நோட்டில் எழுதித் தருவார். நான் அந்த நோட்டை மைக்கில் படிப்பேன். ஒவ்வொன்றுக்கும் சனங்கள், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்பார்கள்.

நோட்டில் அது இருந்தது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. 'குடும்ப சமாதானத்துக்காக வேண்டும் ஒரு சகோதரிக்காக.' வாரா வாரம் வந்தது. நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, நான் படிப்பதை நிறுத்தி, நோட்டை மூடி வைத்துவிட்டு, என் சரக்கை அவிழ்த்தேன். "இந்தச் சகோதரி யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஒன்று சொல்கிறேன். புனித மோனிக்காவைப் பாருங்கள். அவர் எதிர்த்து ஒரு சொல் பேசியதுண்டா?" அன்றைக்கு மூன்று பேர் வந்து, பேச்சு மனதைத் தொட்டது என்றார்கள். நாலாவது வரிசையில் என் மகள் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ எழுதினது அதானா, குடும்ப சமாதானம்னு?"

"இல்லமா" என்றாள். எழுதியதைச் சொன்னாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சூசைநாதனிடமிருந்து போன். தருண் மிகவும் வருத்தப்படுகிறானாம், நாளை நவநாள் முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேர் தலையிலும் பங்குச் சாமியார் கைவைத்து ஆசீர்வதிப்பாராம், அப்படியே அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். போனை வைத்துவிட்டு, "போறியா?" என்று நந்திதாவைக் கேட்டேன். "நீ போன்னா போறேன்" என்றாள். அதைக் கேட்டபோது வந்த ஆத்திரம் தருண்மேல்கூட எனக்கு வந்ததில்லை. இருபத்து நாலு வருடம் தினமும் முழங்காலில் நிறுத்தி, புனிதர்களைக் காட்டிக் காட்டி, நான் வளர்த்து வைத்திருப்பது இதைத்தான்.

மறுநாள் நாலு மணிக்கே கோவிலுக்குப் போனேன். சூசைநாதன் தன் அறையில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சீட்டுகளை அவர் தூக்கிப் போடமாட்டார். அந்தோணியார் திருநாளன்று மொத்தமாக எரிப்பது வழக்கம், அதுவரை ஒரு டின்னில் கிடக்கும். டின்னைக் கவிழ்த்தேன். மகளின் தெலுங்கு எழுத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. பதினொன்று. முதல் சீட்டில் எழுத்து குண்டு குண்டாக இருந்தது. கடைசிச் சீட்டில் அவசரம்.

"இதப் படிச்சிட்டா சமாதானம்னு எழுதினீங்க?"

"அமலோற்பவம்மா, ஊர் கூடின எடத்துல படிக்கிற விஷயமா அது? கோவிலுக்குன்னு ஒரு பாஷ கீதில்ல?"

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் பேனாவை மூடினார். "அட்ரஸ் போட்டிருந்திச்சி. தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"பெத்த மனசு கஷ்டப்படுமேன்னுதான். அதுவும் இல்லாம செபத்துல அட்ரஸ் எதுக்கும்மா? ஆண்டவருக்குத் தெரியாதா?"

நல்ல மனிதர்தான் சூசைநாதன். என் வீட்டுக்காரரின் உடம்பைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தவர். அன்றைக்கு அவரை அந்த டின்னாலேயே அடித்திருப்பேன். அடிக்காமல் இருந்தது பொறுமையால் இல்லை. அவரை அடித்தால் என்னையும் அடித்துக்கொள்ள வேண்டும் என்பதால். அவர் என் மகளின் சொல்லை மாற்றி எழுதினார். நான் புனிதர்களையே மாற்றிச் சொன்னேன். மோனிக்கா அழுதாள் என்று ஆறு வருடம் பேசினேனே, அழுதுகொண்டே ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாளா அவள்? பிள்ளை தப்பான வழியில் போகிறான் என்று கப்பலேறிக் கடல் தாண்டி, ஊர் ஊராக அவன் பின்னாலேயே போனவள். புத்தகத்தில் அதுவும் இருக்கிறது. அந்தப் பக்கத்தையும்தான் படித்திருக்கிறேன். இரண்டு நிமிடத்தில் அடங்காது என்று விட்டுவிட்டேன். ரேணிகுண்டாவிலிருந்து என் மகள் வீடு ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம். பெண் கொடுத்த வீட்டுக்கு அடிக்கடி போனால் மரியாதை இல்லை என்று ஒன்றரை வருடத்தில் நான் நாலு தடவை போயிருக்கிறேன், நாலும் பண்டிகை.

ஆறு மணிக்குச் சனங்கள் வந்துவிட்டார்கள். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், சமுக்காளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு. தருண் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தான். ரத்தினம்மா மருமகளுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்து, தானே வைத்துவிட்டு, கட்டுப்போட்ட கையை முந்தானையால் மூடிவிட்டாள். நான் நந்திதாவின் அருகில் போய்க் குனிந்து, மடியிலிருந்த சீட்டுகளைக் காட்டினேன்.

"படிக்கட்டுமா?"

ரத்தினம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நந்திதா சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நோட்டைத்தான் படித்திருப்பேன்; வேறு வழி ஏதாவது தேடியிருப்பேன்.

"அட்ரஸயும் சேத்துப் படி" என்றாள்.

நோட்டில் முதல் ஏழு வேண்டுதல்களைப் படித்தேன். தேர்வு, விசா, முழங்கால் வலி, மாமரம் பூக்க. ஒவ்வொன்றுக்கும் சனங்கள் பதில் சொன்னார்கள். எட்டாவதில் நோட்டை மூடினேன். முதல் சீட்டைப் பிரித்து, தெலுங்கில் இருந்ததை எங்கள் பேச்சிலேயே சொன்னேன்.

"என் வூட்டுக்காரர் என்ன அடிக்கிறாரு. சாயங்காலம் ஏழு மணிக்கு வேல வுட்டு வருவாரு. அந்நேரத்துக்கு யாராவது எங்க வூட்டுக்கு வாங்க. ஆளுங்க இருந்தா அடிக்க மாட்டாரு. செபம் பண்ண வந்த மாதிரிகூட வரலாம். தண்ணி டேங்குக்குப் பின்னால, மாடி வூடு, பச்ச கேட்டு."

எட்டாவது வேண்டுதல் முடிந்தது அல்லவா, பழகிய வாய்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

"ஆண்டவரக் கூப்புடல அவ!" என்று கத்தினேன். "உங்களக் கூப்பிட்டா! என்னக் கூப்பிட்டா! பதினோரு வாரம் வாசப்படி அடையாளம் சொல்லிக் கூப்பிட்டா, ஒருத்தர் போனோமா?"

சூசைநாதன் எழுந்து போய் மைக்கை அணைத்தார். அணைக்கட்டும். ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது. இரண்டாவது சீட்டைப் படித்தேன். மூன்றாவதைப் படித்தேன். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடைசியில் பச்சை கேட். யாரும் பதில் சொல்லவில்லை. பீடத்தில் இருந்த தெலுங்குச் சாமியாருக்குத் தமிழ் அரைகுறை. அவர் பக்கத்திலிருந்தவரிடம் என்ன என்று கேட்டார், அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். தண்ணீர் குடிக்காமல், நிறுத்தாமல் பத்தையும் படித்தேன்.

பதினோராவது சீட்டு இரண்டே வரி. "நேத்து சொன்னாரு, அடுத்த வாட்டி கைய ஒடிப்பேன்னு. யாராவது வாங்க."

தருண் எழுந்துவிட்டான். அவன் முகத்தில் வெட்கமில்லை, கோபம்தான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் பூசைக்கு வந்தவனைப் போல மெல்லிய குரலில், "நந்து, எழுந்திரு. போலாம்" என்றான். ரத்தினம்மா மருமகளின் தோளில் கைவைத்தாள். நந்திதா எழுந்திருக்கவில்லை. அவன் ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, பெண்களின் சமுக்காளத்து ஓரம் வரை வந்துவிட்டான். நான் சீட்டுகளை அப்படியே போட்டுவிட்டு இறங்கினேன்.

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று வரிசைப் பெண்கள். எப்போதும் யாராவது உள்ளே வந்தால் புடவையை ஒதுக்கி, முழங்காலை மடக்கி, உடம்பைச் சாய்த்து வழி விடுகிறவர்கள். கோவில் பெருக்குகிற பொன்னியம்மா அவன் காலடியிலேயே இருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு மடக்கியிருந்த காலை நீட்டி, இருந்த இடத்திலேயே நன்றாகச் சம்மணமிட்டு, அகலமாக உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் அவளோடு நெருங்கினாள். அதற்கும் அடுத்தவள் குழந்தையைத் தூக்கி நடுவில் இருந்த சந்தில் உட்கார வைத்தாள். தருண் ஒரு பாதத்தைத் தூக்கி, சமுக்காளத்தில் அதை வைக்க எங்காவது இடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நின்றான்.